கியர்பாக்ஸை இறக்கச் சொல்லும் முன் திராட்டில் சென்சாரைப் பாருங்கள்

பழைய ஆட்டோமேட்டிக் கார் கியர் மாறும்போது இடித்தால், முதலில் திட்டு வாங்குவது கியர்பாக்ஸ்தான். "இறக்கிப் பார்த்தால்தான் தெரியும்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அப்படி இறக்குவதற்கே ஒரு பெரிய தொகை ஆகிவிடும். எங்களிடம் வரும் இப்படிப்பட்ட கார்களில் கணிசமானவற்றில் தகராறு கியர்பாக்ஸுக்குள் இல்லை. எஞ்சின் மேலே, எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டில் பாடியின் பக்கவாட்டில் இரண்டு திருகில் உட்கார்ந்திருக்கும் சென்சாரில்தான் இருக்கிறது.

ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது திராட்டில் தகடு எவ்வளவு திறக்கிறது என்பதை வோல்டேஜாகச் சொல்வதுதான் இதன் வேலை. எஞ்சினுக்குப் பெட்ரோல் அளப்பதற்கு மட்டுமல்ல, கியரை எப்போது மாற்றுவது, உள்ளே ஆயில் அழுத்தம் எவ்வளவு வைப்பது, எஞ்சின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரை எப்போது பூட்டுவது என்பதற்கும் கன்ட்ரோல் யூனிட் இதையே நம்பியிருக்கிறது. நீங்கள் லேசாக மிதிக்க, சென்சார் "முக்கால்வாசி மிதித்துவிட்டார்" என்று சொன்னால், கியர் தாமதமாக, அதிக அழுத்தத்தோடு விழும். அந்த இடிதான் உங்களுக்குத் தெரிகிறது. குறைத்துச் சொன்னால் கியர் சீக்கிரமே மாறி, வண்டி இழுவையில்லாமல் திணறும்.

பழைய மாடல்களில் இது பெரும்பாலும் கார்பன் தடமும் அதன்மேல் உரசிப்போகும் முள்ளும் கொண்ட அமைப்பு. பழைய ரேடியோவின் வால்யூம் திருகு கரகரப்பது போலத்தான் இதுவும் கெடுகிறது. தடம் முழுவதும் ஒரே மாதிரி தேயாது. நகர நெரிசலில் பாதம் எப்போதும் பெடலின் ஆரம்பத்திலேயே இருப்பதால் அந்தப் பகுதிதான் முதலில் போகும். நெடுஞ்சாலையில் அழுத்தி ஓட்டினால் நன்றாகப் போகிற வண்டி சிக்னல் தாண்டும்போது மட்டும் உலுக்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரி, எப்படிப் பிரித்தறிவது? பி-யிலிருந்து (பார்க்) டி-க்குப் (டிரைவ்) போட்டதும் இரண்டு மூன்று விநாடி கழித்து "டங்" என்று பிடித்தால், அல்லது ஆர்பிஎம் ஏறியும் வேகம் ஏறாவிட்டால், கியர் ஆயிலையும் உள்பாகங்களையும் சந்தேகப்படலாம். டிப்ஸ்டிக்கில் ஆயில் சிவப்பாக இல்லாமல் பழுப்பேறி, தீய்ந்த வாடை அடித்தால் சென்சாரை மாற்றிப் பயனில்லை. மாறாக, ஐடில் (பெடலை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) ஏறி இறங்குகிறது, ஒரே சீராக மிதித்துப் போகும்போதே வண்டி தயங்கித் தயங்கி உலுக்குகிறது என்றால் வோல்டேஜ் அளக்கும் மீட்டரை எடுங்கள். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் கிழிந்திருந்தாலும் இதே மாதிரி இடிக்கும். அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

இக்னிஷன் ஆன், எஞ்சின் ஆஃப். சென்சாரில் ஒயர்கள் வந்து செருகும் கப்ளரைக் கழற்ற வேண்டாம். பின்பக்கமாக மெல்லிய ஊசியை நுழைத்து அளக்க வேண்டும். ஒயரின் மேல் உறையைக் குத்தாதீர்கள், மழைக்காலத்தில் அந்த ஓட்டை வழியாகவே தண்ணீர் புகுந்து செம்பில் பச்சை பூக்கும். மூன்று ஒயரில் ஒன்றில் 5 வோல்ட் வரும், ஒன்று எர்த், மூன்றாவது சிக்னல். திராட்டில் மூடியிருக்கும்போது சிக்னல் சுமார் அரை வோல்ட், முழுக்கத் திறந்தால் நான்கு, நாலரை. வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். இந்த இரண்டு முனையையும் பார்த்துவிட்டு "சென்சார் ஓகே" என்று சொல்வதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். நடுவில்தான் விஷயம் இருக்கிறது.

சமீபத்தில் வந்த நான்கு கியர் கார் ஒன்றில் மூடிய நிலையில் 0.52 காட்டியது, முழுத் திறப்பும் சரியாகவே இருந்தது. வேறொரு இடத்தில் கியர்பாக்ஸை இறக்கச் சொல்லியிருந்தார்கள். முள் மீட்டரை மாட்டி, பெடலை மெதுவாக, மிக மெதுவாக அழுத்தச் சொன்னேன். 0.9 பக்கம் வந்ததும் முள் சட்டென்று கீழே விழுந்து மறுபடி எழும்பியது. அதே இடத்தில் ஒவ்வொரு முறையும். டிஜிட்டல் மீட்டர் இந்த விழுதலைத் தவறவிடக்கூடும். அதனால்தான் இன்னமும் பழைய முள் மீட்டரைத் தூக்கிப்போடாமல் வைத்திருக்கிறேன். ஸ்கேனரில் பி0121, பி0122, பி0123 போன்ற கோளாறுக் குறியீடுகள் வரலாம். ஆனால் கணநேரம் மட்டும் வந்துபோகும் கோளாறு குறியீடு எதையும் விட்டுச்செல்லாமலும் போகும்.

சிக்னல் தடுமாறியதும் சென்சாரை வாங்க ஓடாதீர்கள். ஒயரை ஆட்டிப் பாருங்கள். எலி கடித்ததும், வாட்டர் வாஷில் கப்ளருக்குள் தண்ணீர் புகுந்ததும் அச்சு அசலாக இதே அறிகுறியைக் கொடுக்கும். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் டையோடு போயிருந்தாலும் சிக்னலில் இரைச்சல் ஏறும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் ஏசி வோல்டேஜ் அரை வோல்ட்டைத் தாண்டினால் ஆல்டர்னேட்டரைக் கவனியுங்கள்.

சென்சாரை மாற்றும்போது திருகு ஓட்டை நீளவாக்கில் இருந்தால், அந்த மாடலுக்குச் சொன்ன வோல்டேஜுக்குத் திருப்பி வைத்து இறுக்க வேண்டும். ஐடில் சரியில்லை என்று திராட்டில் தகட்டின் நிறுத்தத் திருகைத் திருகாதீர்கள். அது தொழிற்சாலையில் வைத்த அளவு, தொட்டால் மற்ற எல்லா அளவும் தப்பாகும். திராட்டில் பாடியில் படிந்த கரியைத் துடைப்பது நல்லதுதான். கிளீனரைச் சென்சாருக்குள் மட்டும் பீய்ச்சக் கூடாது. பழைய மாடலுக்குப் புதுசு கிடைக்காமல் கழித்த வண்டியிலிருந்து எடுத்த சென்சாரை வாங்கினால், மாட்டும் முன் அதையும் மீட்டரில் ஓட்டிப் பாருங்கள். அதுவும் அதே நெரிசலில் ஓடிய வண்டியாகத்தான் இருந்திருக்கும்.