பந்து காலுக்கு வருவதற்கு முன்னால்

ஜெர்மனியின் நடுக்களக் கால்பந்து வீரர் டோனி குரூஸ் ஆடிய பழைய ஆட்டம் ஏதாவது ஒன்றைப் போட்டுப் பாருங்கள். பந்தை விட்டுவிடுங்கள், அவருடைய தலையை மட்டும் கவனியுங்கள். பந்து மைதானத்தின் மறுபக்கத்தில் இன்னொருவர் காலில் இருக்கும்போதே அந்தத் தலை இடது தோளுக்கு மேல் ஒருமுறை திரும்பும், வலது தோளுக்கு மேல் ஒருமுறை திரும்பும். பாஸ் அவரை நோக்கிக் கிளம்பியதும் மறுபடி ஒரு பார்வை. அப்புறம் பந்து வரும், முதல் தொடுதலில் அடங்கும், இரண்டாவது தொடுதலில் போய்விடும். எதிரணிக்காரர் பாய்ந்து வந்து சேரும்போது அங்கே பந்து இருக்காது.

இத்தனைக்கும் குரூஸ் வேகமாக ஓடக்கூடியவர் இல்லை. ஆளை ஏமாற்றித் தாண்டிப் போகிற வித்தையும் அவருடைய பலம் இல்லை. ஆனாலும் ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய போட்டியான சாம்பியன்ஸ் லீக் கோப்பையை 6 முறை வென்ற அணிகளில் இருந்தார்: 2013-இல் ஜெர்மனியின் பயர்ன் மியூனிக்கோடு, பிறகு ஸ்பெயினின் ரியல் மாட்ரிட்டோடு 5 முறை. 2014-இல் உலகக் கோப்பையும் கிடைத்தது. மெதுவாக ஓடுகிற ஒருவர் எப்படி எல்லாரையும் முந்தினார் என்பது எனக்குப் பல வருடங்களாகத் தீராத ஆர்வம். பதிலில் பாதி கண்ணில் இருக்கிறது, மீதி இயற்பியலில் இருக்கிறது.

முதலில் கண். கையை முழுதாக நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். நம் பார்வையில் துல்லியமாகத் தெரியும் பகுதி ஏறக்குறைய அந்த நகத்தின் அகலம்தான், சுமார் 2 பாகை. அதைச் சுற்றியுள்ள மற்றதெல்லாம் மங்கல். அங்கே அசைவு தெரியும், சட்டையின் நிறம் ஓரளவு தெரியும், ஆனால் அந்த ஆள் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறார் என்பது தெரியாது. முதுகுக்குப் பின்னால் இருப்பதோ சுத்தமாகத் தெரியாது. நடுக்கள ஆட்டக்காரருக்கு இதுதான் பெரிய சங்கடம். தடுப்பாட்டக்காரருக்கு ஆட்டம் முழுவதும் கண்முன்னால் நடக்கிறது. நடுவில் நிற்பவரைச் சுற்றி நாலு பக்கமும் ஆட்கள்.

அடுத்தது நேரம். ஒரு விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்து என்றால் நமக்கு ஏறக்குறைய 0.2 விநாடி ஆகிறது. ஐந்து விளக்குகளில் எது எரிகிறதோ அதற்குரிய பொத்தானை அழுத்து என்றால் இன்னும் கூடும். தேர்வுகள் கூடக்கூட மூளை எடுக்கும் நேரமும் கூடுகிறது. பந்து காலுக்கு வந்த பிறகு தலையைத் தூக்கி, யார் எங்கே என்று பார்த்து, யோசித்து, உதைப்பது என்றால் ஒரு விநாடிக்கு மேல் போய்விடும். அந்த ஒரு விநாடியில் எதிராளி ஐந்தாறு மீட்டர் ஓடி வந்து மேலே விழுவார்.

குரூஸ் இந்த வேலையைப் பந்து வருவதற்கு முன்பே முடித்துவிடுவார். தெருவைக் கடக்கும் முன் இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்கிறோம் இல்லையா, அதுபோலத்தான். கெய்ர் யோர்டெட் என்ற நார்வே ஆய்வாளர் கேமராவை நடுக்கள வீரர்கள் மேல் மட்டும் திருப்பி வைத்து, பந்து கிடைப்பதற்கு முந்தைய விநாடிகளில் அவர்கள் எத்தனை முறை தலையைத் திருப்பிப் பார்க்கிறார்கள் என்று எண்ணினார். அதிகம் பார்ப்பவர்களின் பாஸ்கள் அதிகமாகச் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தன. ஒவ்வொரு திருப்பமும் மூளைக்குள் ஒரு படம் எடுக்கிறது. ஆனால் ஆட்கள் ஓடிக்கொண்டே இருப்பதால் அந்தப் படம் இரண்டொரு விநாடியில் பழசாகிவிடும். அதனால்தான் ஒருமுறை பார்த்தால் போதாது, திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மாட்ரிட்டில் அவர் இன்னொரு வழியும் வைத்திருந்தார், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அணி தாக்குதலைத் தொடங்கும்போது பின்னால் இறங்கி, இடது பக்கத் தடுப்பாட்டக்காரருக்கு அருகில் போய் நின்றுகொள்வார். அங்கே நின்றால் முதுகுக்குப் பின்னால் எதிரி யாரும் இல்லை. பார்க்க வேண்டிய எல்லாரும் முன்னால்தான். வலது கால்காரர் இடது பக்கம் நிற்பதால் உடம்பு இயல்பாகவே மைதானத்தை நோக்கித் திறந்திருக்கும். அங்கிருந்து வலது ஓரத்துக்குக் குறுக்காக நீளமாக ஒரு பந்தை அனுப்புவார்.

சரி, பந்து கிளம்பியாயிற்று. இனி இயற்பியல்.

தரையோடு தட்டிய பந்து உடனே உருளுவதில்லை. முதலில் வழுக்கிக்கொண்டு போகும். புல்லின் உராய்வு அதைப் பிடித்து இழுத்து மெல்லச் சுழல வைக்கும். சுழற்சியும் வேகமும் ஒத்துப்போன பிறகுதான் பந்து உருளத் தொடங்கும். கால்பந்து உள்ளே காற்றடைத்த கூடு, கனமெல்லாம் தோலில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட கோளத்துக்குக் கணக்குப் போட்டால், சுழலாமல் கிளம்பிய பந்து உருளும் நிலைக்கு வருவதற்குள் வேகத்தில் ஐந்தில் இரண்டு பங்கை இழந்துவிடும். விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் கிளம்பினால் உருளும்போது 9 மீட்டர்தான் மிஞ்சும். கிளம்பும்போதே முன்னோக்கிச் சுழலும்படி தட்டினால் இந்த இழப்பு குறையும், பந்து துள்ளாமல் புல்லோடு ஒட்டிப் போகும். வாங்குபவருக்கு அடக்குவதும் எளிது. ஆட்டத்துக்கு முன் மைதானத்தில் தண்ணீர் தெளிப்பதும் பந்து வேகமாகப் போகத்தான். இந்தக் கணக்கையெல்லாம் குரூஸ் காகிதத்தில் போட்டிருக்க மாட்டார். ஆயிரக்கணக்கான மணிநேரப் பயிற்சியில் கணுக்கால் அதைக் கற்றுக்கொண்டுவிட்டது.

ஜெர்மனியில் சிலர் அவரைப் "பக்கவாட்டுப் பாஸ் டோனி" என்று கேலி செய்தார்கள். முன்னால் போகாமல் பக்கத்திலேயே தட்டுகிறார் என்பது குறை. அது நியாயமில்லாத பேச்சு என்றுதான் சொல்வேன். பந்து 30 மீட்டர் பக்கவாட்டில் போக இரண்டு விநாடி, கூடினால் மூன்று விநாடி. நின்ற இடத்திலிருந்து பாய்கிற மனிதர் இரண்டு விநாடியில் ஓடும் தூரம் 10 மீட்டர் சொச்சம். ஒவ்வொரு பக்கவாட்டுப் பாஸுக்கும் எதிரணியின் வரிசை மொத்தமும் நகர்ந்தாக வேண்டும். பத்துப் பேரும் ஒரே அளவு நகர மாட்டார்கள். ஒருவர் அரை அடி பிந்துவார், இருவருக்கு நடுவே இடைவெளி விழும். அந்த இடைவெளிக்காகத்தான் அத்தனை பொறுமையும்.

2018 ஜூன் 23, ரஷ்யாவின் சோச்சி நகரம். உலகக் கோப்பையில் ஸ்வீடனுக்கு எதிரான ஆட்டம். முதல் ஆட்டத்தில் மெக்ஸிகோவிடம் தோற்றிருந்த ஜெர்மனிக்கு இதில் தோற்கவே கூடாது. 32-ஆவது நிமிடத்தில் குரூஸ் கொடுத்த ஒரு பாஸ் ஸ்வீடன் காலில் சிக்கி, அதிலிருந்தே கோல் விழுந்தது. இடைவேளைக்குப் பிறகு சக வீரர் ராய்ஸ் சமன் செய்தார். போவாடெங் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, ஜெர்மனி பத்துப் பேரானது. 90 நிமிடத்துக்கு மேல் சேர்த்த நேரமும் தீரப்போகும்போது, கோலுக்கு முன்னுள்ள பெனால்டி பாக்ஸின் இடது ஓரத்துக்கு வெளியே ஒரு ஃப்ரீ கிக்.

அங்கிருந்து பார்த்தால் கோல் ஒடுங்கித் தெரியும். நேராக அடித்தால் எதிரணியினர் வரிசையாக நின்று போடும் சுவரும் கோல்கீப்பரும் சேர்ந்து பெரும்பகுதியை மறைத்துவிடுவார்கள். குரூஸ் பந்தை ராய்ஸ் பக்கம் லேசாகத் தட்டினார். ராய்ஸ் காலால் நிறுத்தினார். கோணம் சற்றே அகன்றது. குரூஸ் வலது காலின் உட்புறத்தால் வளைத்து அடித்தார்.

அப்படி அடித்த பந்து மேலிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழலும். சுழலும் பரப்பு தன்னை ஒட்டிய காற்றை இழுத்துக்கொண்டு போய், பின்னால் ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். பந்து காற்றை வலப்பக்கம் தள்ளினால், காற்று பந்தை இடப்பக்கம் தள்ளும். 19-ஆம் நூற்றாண்டில் இதை ஆராய்ந்த பெர்லின் இயற்பியலாளர் ஹைன்ரிஷ் மாக்னஸ் பெயரால் மாக்னஸ் விளைவு என்கிறார்கள். அன்று பந்து தூரத்துக் கம்பத்துக்கு வெளியே போவது போலக் கிளம்பி, உள்ளே வளைந்து மேல் மூலையில் இறங்கியது. கோல்கீப்பர் ஓல்சன் முழு நீளத்துக்குப் பாய்ந்தும் எட்டவில்லை. 95-ஆவது நிமிடம், 2-1. அடுத்த ஆட்டத்தில் தென்கொரியாவிடம் தோற்று ஜெர்மனி வெளியேறியது வேறு கதை.

குரூஸ் பிறந்தது 1990 ஜனவரியில், பால்டிக் கடலோரத்துக் கிரைஃப்ஸ்வால்டில். அப்போது அது கிழக்கு ஜெர்மனி. பதினேழு வயதில் பயர்னுக்காக முதல் முறை ஜெர்மனியின் முதல்நிலை லீக்கான பண்டஸ்லிகாவில் இறங்கி, கொஞ்ச நேரத்திலேயே இரண்டு கோல்களுக்குப் பந்து எடுத்துக் கொடுத்தார். முப்பதைத் தாண்டினால் கால்கள் தளரும், ஓட்டத்தை நம்பியவர்கள் முதலில் சரிவார்கள். தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கும் பழக்கத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை.

2024 மார்ச்சில், மூன்று வருட ஓய்வுக்குப் பின் தேசிய அணிக்குத் திரும்பி, லியோனில் பிரான்ஸுக்கு எதிராக ஆடினார். ஆட்டம் தொடங்கியதும் பந்து அவரிடம் வந்தது, முன்னால் ஓடிய விர்ட்ஸுக்கு நீளமாக அனுப்பினார், 8 விநாடிக்குள் கோல். ஜூன் 1 அன்று வெம்பிளியில் ரியல் மாட்ரிட்டுக்காகக் கடைசி ஆட்டம். அவர் அடித்த கார்னரைக் கார்வஹால் தலையால் முட்டி முதல் கோலாக்கினார். இரண்டு வாரம் கழித்து மியூனிக்கில் யூரோ கோப்பையின் தொடக்க ஆட்டத்தில், ஸ்காட்லாந்துக்கு எதிராக, அவர் கொடுத்த 102 பாஸ்களில் 101 சரியாகச் சேர்ந்தன. அப்போது அவருக்கு வயது 34, அந்தப் போட்டித் தொடரோடு ஓய்வு பெறப்போவதாக ஏற்கெனவே அறிவித்திருந்தார்.