வேக சென்சார் வேகத்தை அளப்பதில்லை

பெங்களூரு இந்திராநகரில், சிஎம்எச் ரோட்டின் மெட்ரோ பாலத்துக்கு அடியில் சைக்கிள் ஓட்டினால் போன் காட்டும் வேகம் ஒரு நிலையில் நிற்காது. 22 என்று இருக்கும், திடீரென 31-க்குத் தாவும். சிக்னலில் காலை ஊன்றி நிற்கும்போதுகூட 3, 4 என்று ஓடிக்கொண்டிருக்கும். தலைக்கு மேலே உள்ள கான்கிரீட் ஜிபிஎஸ் சிக்னலை மறைக்கிறது. மிச்சம் வருவதும் பக்கத்துக் கட்டடங்களில் பட்டுத் திரும்பி வருகிறது. சக்கரத்தின் ஹப்பில், அதாவது நடு அச்சுப் பகுதியில், மாட்டும் வேக சென்சாருக்கு இந்தத் தொல்லையே இல்லை, ஏனென்றால் அது வானத்தைப் பார்ப்பதில்லை.

உண்மையில் அது வேகத்தையும் அளப்பதில்லை. சக்கரம் இதுவரை மொத்தம் எத்தனை சுற்று சுற்றியது, கடைசிச் சுற்று எப்போது பதிவானது என்ற இரண்டு எண்களைத்தான் அனுப்புகிறது. புளூடூத் முறையில் ஒரு நொடியை 1,024 பங்காக்கி நேரத்தைக் குறிக்கிறார்கள். முந்தைய தகவலுக்கும் இப்போதைய தகவலுக்கும் இடையில் 3 சுற்றும் 930 பங்கு நேரமும் கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 930 பங்கு என்பது சுமார் 0.91 நொடி. சக்கரத்தின் சுற்றளவு 2,105 மி.மீ. என்றால் 3 சுற்றுக்கு 6.3 மீட்டர். வகுத்துப் பார்த்தால் மணிக்கு 25 கி.மீ. இந்தக் கணக்கைப் போடுவது சென்சார் அல்ல, போனோ சைக்கிள் கம்ப்யூட்டரோதான். மொத்த எண்ணிக்கையை அனுப்புவது அருமையான ஏற்பாடு. நடுவில் ஒரு தகவல் வந்து சேராவிட்டாலும் அடுத்ததில் கணக்கு நேராகிவிடும், தூரம் குறையாது. ஆனால் நீங்கள் நின்றதும் திரை உடனே 0 காட்டாமல் ஓரிரு நொடி இழுக்கும். அடுத்த சுற்று வரத் தாமதமாகிறதா, வண்டியே நின்றுவிட்டதா என்று அதற்கு உடனே தெரியாது.

ஆகவே விலையைவிட முக்கியமானது நீங்கள் கொடுக்கும் சுற்றளவு. 28 மி.மீ. டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2,136 மி.மீ.; ஆப்பில் 23 மி.மீ. டயருக்கான 2,096 இருந்தால் 100 கி.மீ. ஓட்டியும் 98 சொச்சம்தான் காட்டும். டயரில் வால்வுக்கு நேராகவும் தரையிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். வழக்கமான காற்றழுத்தத்தில், சீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு முழுச் சுற்று உருட்டி டேப்பால் அளந்துவிடுங்கள். உங்கள் எடையில் டயர் அமுங்குவதால் உட்கார்ந்துதான் அளக்க வேண்டும்.

கேடன்ஸ் சென்சார், அதாவது நிமிடத்துக்கு எத்தனை முறை மிதிக்கிறோம் என்று எண்ணுவது, பெடலைத் தாங்கும் இடது கிராங்கில் ரப்பர் வளையத்தால் கட்டப்படும். காந்தம் இல்லாத வகைகளில், கிராங்க் சுழலும்போது அதைப் பொறுத்து புவியீர்ப்பின் திசை மாறிக்கொண்டே இருப்பதை உள்ளிருக்கும் சில்லு உணர்கிறது. அந்த மாற்றம் ஒரு முழு வட்டம் வந்தால் ஒரு சுற்று. கட்டியதும் கிராங்கைக் கையால் சுற்றி, சட்டத்தில் உரசுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அல்சூர் பக்கம் விடிகாலையில் நந்தி மலைக்குக் கிளம்பும் நம்மவர்கள் கேட்பது, “அண்ணா, ஒண்ணுதான் வாங்க முடியும்னா எது?” என் பதில் கேடன்ஸ். திறந்த சாலையில் வேகத்தை ஜிபிஎஸ்ஸே ஓரளவு சரியாகச் சொல்லிவிடும், மிதிப்பை அதனால் சொல்ல முடியாது. நந்தி ஏற்றத்தில் முன் பற்சக்கரத்தில் 34 பல், பின்னால் 28 பல் உள்ள கியர் போட்டு மணிக்கு 9 கி.மீ. போனால் கேடன்ஸ் 60-க்குக் கீழே வந்துவிடும், முழங்காலில் பாரம் ஏறும். இன்னும் இலகுவான கியர் தேவை என்பதை அந்த எண் கண்முன்னே காட்டிவிடும். வீட்டுக்குள் டிரெய்னரில், அதாவது நின்ற இடத்திலேயே பின் சக்கரம் சுழலும் தாங்கியில், மிதிப்பவர்களுக்கும் பாலத்தடியிலேயே தினம் போகிறவர்களுக்கும் மட்டும் வேக சென்சாரை முதலில் வாங்கச் சொல்வேன். டிரெய்னர் என்றால் பின் சக்கரத்தில் மாட்ட வேண்டும்.

வேகம், கேடன்ஸ் இரண்டும் செய்யும் என்று விற்கப்படும் மலிவு சென்சார்களில் பல, ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் செய்யும். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் வேலை மாறும். இரண்டும் வேண்டுமானால் இரண்டு வாங்க வேண்டும்.

ஆன்ட் பிளஸ் (ANT+), புளூடூத் என்ற இரண்டு கம்பியில்லா முறைகளும் உள்ள சென்சாராகப் பாருங்கள். ஆன்ட் பிளஸ்ஸை எத்தனை கருவிகள் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் கேட்கலாம். புளூடூத்தில் பல சென்சார்கள் ஒரு கருவியோடு மட்டுமே பேசும். சைக்கிள் கம்ப்யூட்டர் சென்சாரைக் கண்டுபிடிக்கவில்லை என்றால், பையில் இருக்கும் போனின் ஆப் அதைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.