டிராஃப்டில் 'வேஸ்ட்' ஆனவர்கள்: ஒரு பிசியோவின் பார்வை

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில், அணிகள் வரிசைப்படி புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்டில்' முதல் இரண்டு மூன்று இடங்களுக்குள் எடுக்கப்பட்ட பையன் சோபிக்காமல் போனால், ரசிகர்கள் தீர்ப்பெழுத அதிக நாள் எடுத்துக்கொள்வதில்லை. "காசு வந்ததும் சோம்பேறி ஆயிட்டான்", "தலைக்கனம்", "இவனையா முதல்ல எடுத்தாங்க?" கூடைப்பந்து ஆடும் பிள்ளைகளுக்குப் பிசியோதெரபி பார்க்கிற எனக்கு, அந்த 'ஃப்ளாப்' பட்டியலைப் படிக்கும்போது கண்ணில் படுவது வேறு. அதில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் பலவற்றுக்குப் பின்னால் ஒரு எக்ஸ்ரே ஃபிலிம் இருக்கிறது.

சாம் போவியையே எடுத்துக்கொள்வோம். 1984-ல் ஹியூஸ்டன் அணி முதலாவதாக ஹக்கீம் ஒலாஜுவானை எடுத்தது. இரண்டாவதாக போர்ட்லண்ட் எடுத்தது போவியை. மூன்றாவதாக சிகாகோவுக்குக் கிடைத்தவர் மைக்கேல் ஜோர்டன். போர்ட்லண்டுக்கு அப்போது தேவை ஒரு சென்டர், அதாவது கூடைக்குப் பக்கத்தில் நின்று ஆடும் உயரமான ஆள். ஜோர்டன் ஆடுகிற இடத்தில் கிளைட் டிரெக்ஸ்லர் ஏற்கெனவே இருந்தார். அதனால் அன்றைய முடிவில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. ஆனால் போவி, கென்டக்கி பல்கலைக்கழகத்தில் இடது முன்னங்கால் எலும்பு (முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் உள்ள எலும்பு) முறிவால் இரண்டு சீசன்களை முழுசாகத் தொலைத்தவர். போர்ட்லண்ட் மருத்துவர்கள் அவரை மணிக்கணக்கில் சோதித்தார்கள். காலைத் தட்டிப் பார்த்து வலிக்கிறதா என்று கேட்டபோது இல்லை என்று சொன்னதாகவும், உள்ளுக்குள் வலித்ததாகவும் 2012-ல் வந்த ஓர் ஆவணப்படத்தில் அவரே சொன்னார். வீட்டில் தேவை இருந்தது, என் இடத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள் என்பது அவர் தரப்பு.

பிறகு இரண்டு கால்களிலும் அடுத்தடுத்து எலும்பு முறிந்தது. 1986-87 சீசனில் ஆடியது 5 ஆட்டங்கள், அடுத்த சீசனில் ஒன்றுகூட இல்லை. இத்தனைக்கும் பத்து சீசன் ஆடி, ஆட்டத்துக்குச் சராசரியாக 10.9 புள்ளி எடுத்தவர். சாதாரண ஆளுக்கு அது நல்ல கணக்கு. இவருக்குப் பக்கத்தில் ஜோர்டன் பெயர் நிற்கிறது, என்ன செய்ய.

போவி சொன்ன பொய் எனக்குப் புதிதல்ல. மாநில அணித் தேர்வுக்கு முந்தின வாரம் வருகிற பையன் எவனும் வலி என்று வாயைத் திறக்க மாட்டான். "லேசா பிடிச்சிருக்கு சார், டேப் மட்டும் போட்டு விடுங்க" என்பான். பக்கத்தில் நிற்கும் அப்பா, "ரெண்டு நாள்ல சரியாயிடும்ல சார்?" என்பார். இவர்களிடம் வலி இருக்கிறதா என்று கேட்டுப் பயனில்லை. ஒற்றைக் காலில் குதிக்கச் சொல்வேன். முன்னங்கால் எலும்பில் மயிரிழைக் கீறல் இருந்தால் சில குதிப்புகளிலேயே முகம் சுளிக்கும். இல்லாவிட்டால் தரையிறங்கும்போது பையன் உடம்பை மறுபக்கம் சாய்த்துக்கொள்வான். அந்த எலும்பின் முன்பக்கம் ரத்த ஓட்டம் குறைவு, ஆற மாதக்கணக்காகும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். இன்றைக்கு எம்.ஆர்.ஐ. காட்டிக்கொடுத்துவிடுகிறது. 1984-ல் அது இப்படிப் புழக்கத்தில் இல்லை.

அதே போர்ட்லண்ட் 2007-ல் முதல் இடத்தில் கிரெக் ஓடனை எடுத்தது. இரண்டாவதாகப் போனவர், பின்னாளில் பெரிய நட்சத்திரமான கெவின் டூரன்ட். டிராஃப்டுக்கு முந்தைய முகாமில் 84 கிலோ பாரத்தைப் படுத்தபடி ஒரு தடவைகூடத் தூக்க முடியாமல் போனவர் இந்த டூரன்ட்தான்! அளக்க எளிதானதை அளந்து திருப்திப்படும் பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு.

ஓடன் ஏழடி உயரம், நூறு கிலோவுக்கு மேல் எடை. முதல் சீசன் தொடங்கும் முன்பே வலது முழங்காலில் மைக்ரோஃபிராக்சர் அறுவை சிகிச்சை. குருத்தெலும்பு தேய்ந்த இடத்தில் எலும்பில் சிறு துளைகள் போடுவார்கள். கசியும் ரத்தம் உறைந்து புது திசு வளரும். ஆனால் அந்தத் திசு பழைய குருத்தெலும்பு அளவுக்கு உறுதியானதல்ல. அந்த வருடம் முழுக்கப் போனது. 2009 டிசம்பரில் இடது முழங்கால் சிப்பி உடைந்தது. பின்னர் அந்த முழங்காலிலும் மைக்ரோஃபிராக்சர், ஒன்றுக்கு இரண்டு தடவை. போர்ட்லண்டுக்காக அவர் ஆடியது மொத்தம் 82 ஆட்டங்கள், அதாவது ஒரு சீசன் கணக்கு. இன்னொரு என்.பி.ஏ. வீரரான ஆமாரே ஸ்டௌடமைர் 2005-ல் இதே அறுவை சிகிச்சை செய்துகொண்டு, 2006-07-ல் 82 ஆட்டமும் ஆடினார் என்பதையும் சொல்லியாக வேண்டும். சிகிச்சை ஒன்றுதான், முழங்கால் வேறு, சுமக்கும் எடை வேறு.

மார்கெல் ஃபுல்ட்ஸ் விஷயத்தில்தான் எனக்குக் கோபமே வரும். 2017-ல் முதல் தேர்வு. கல்லூரியில் தூரத்திலிருந்து எறியும் மூன்று புள்ளி ஷாட்டில் 41 சதவீதம் போட்டவர், பிலடெல்பியாவுக்கு வந்ததும் யாரும் தடுக்காமல் நின்று எறியும் ஃப்ரீ த்ரோகூடப் போடத் தடுமாறினார். கை பாதியில் நின்று நின்று போனது. மனசு சரியில்லை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள், வீடியோ போட்டுச் சிரித்தார்கள். 2018 டிசம்பரில்தான் தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம் என்று தெரிந்தது. கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் காறை எலும்பை ஒட்டிய இடுக்கில் நசுங்கும் கோளாறு அது. ஸ்கேனில் பளிச்சென்று தெரியாது, பல டாக்டர்களைப் பார்த்த பிறகே பிடிபடும். ஒர்லாண்டோவுக்கு மாறி 2019-20-ல் சராசரி 12 புள்ளி எடுத்தார். தூர ஷாட் மட்டும் பழையபடி திரும்பவில்லை.

2013-ன் முதல் தேர்வான அந்தோணி பென்னெட் கதையில் காயம் ஒரு பகுதிதான். டிராஃப்டுக்கு முன் தோள் அறுவை சிகிச்சை, அதனால் பயிற்சி இல்லை, எடை கூடியது. போதாததற்கு ஆஸ்துமாவும் தூக்கத்தில் மூச்சு அடைக்கும் கோளாறும். இரவில் சரியாகத் தூங்காத உடம்பு பகலில் ஓடாது. அதற்குச் சிகிச்சை நடந்தது முதல் சீசன் முடிந்த பிறகு. போன இடத்தில் அவருடைய பொசிஷனில் ட்ரிஸ்டன் தாம்ப்ஸன் வேறு இருந்தார். இருந்தாலும், முதல் இடத்துக்குரிய ஆட்டம் அவரிடம் எப்போதாவது இருந்ததா என்பதில் எனக்குச் சந்தேகம்தான்.

உடம்பில் குறையே இல்லாமல் வீணானவர்களும் உண்டு. 2003-ல், பின்னாளில் நட்சத்திரங்களான கார்மெலோ, பாஷ், வேட் மூவரையும் விட்டுவிட்டு டெட்ராய்ட் எடுத்த டார்கோ மிலிசிச்சுக்கு அப்போது 18 வயது. அடுத்த வருடமே பட்டம் வென்ற அணியில் ஆட்டத்துக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைக்கவில்லை.

பிலடெல்பியாவே வேறு மாதிரியும் நடந்துகொண்டிருக்கிறது. 2014-ல் பாத எலும்பு முறிந்த நிலையில் ஜோயல் எம்பீடை மூன்றாவதாக எடுத்து, இரண்டு சீசன்கள் முழுசாக உட்காரவைத்தது. 2023-ல் அவர் எம்.வி.பி., அதாவது லீகின் அந்த சீசனுக்கான சிறந்த வீரர் ஆனார்.

முன்பெல்லாம் ஏஜென்டுகள் மருத்துவ அறிக்கையைத் தங்களுக்குப் பிடித்த அணிகளுக்கு மட்டும் காட்டுவார்கள். 2024 முதல், டிராஃப்டுக்கு முன் நடக்கும் கம்பைன் முகாமுக்கு அழைக்கப்படும் வீரர்கள் அங்கே மருத்துவப் பரிசோதனைக்கு உட்பட்டே ஆக வேண்டும். நம் ஊர் தேர்வு முகாம்கள் நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது அதைவிடச் சின்ன விஷயம். வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளையின் பெயரை அன்றைக்கே அடித்துவிடாதீர்கள். எலும்பு ஆறியதும் வந்து ஆடிக்காட்ட இன்னொரு தேதி கொடுங்கள். பெற்றோர்களே, எலும்பில் ஒரே புள்ளியைத் தொட்டால் வலி, ராத்திரியிலும் வலி என்றால் டேப் கேட்டு வராதீர்கள். ஸ்கேன் எடுத்துக்கொண்டு வாருங்கள்.