டம்னாட்டியோ மெமோரியே: நினைவழிப்பா, நினைவொறுப்பா?

ரோமானிய வரலாற்றைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் கட்டாயம் இடறும் ஒரு லத்தீன் தொடர் ‘டம்னாட்டியோ மெமோரியே’. வீழ்ந்த பேரரசனின் சிலைகளை உடைத்து, கல்வெட்டுகளிலிருந்து அவன் பெயரைக் கொத்தி எடுப்பதற்கு இந்தப் பெயர். நானும் பல தடவை ‘நினைவழிப்பு’ என்றுதான் எழுதியிருக்கிறேன். அது பொருந்தவில்லை என்று இப்போது தோன்றுகிறது. ஏன் என்று சொல்ல டொமிஷியனிடம் போக வேண்டும்.

கி.பி. 81 முதல் 96 வரை ரோமை ஆண்டவன். ‘நம் தலைவனும் தெய்வமும்’ என்றே தன்னைக் குறிப்பிடச் செய்தான், செப்டம்பர், அக்டோபர் மாதங்களுக்குத் தன் பெயர்களைச் சூட்டினான், அரசத் துரோகக் குற்றம் சாட்டிச் செனட் உறுப்பினர்களைக் கொன்றான், கடைசியில் அரண்மனைக்குள் இருப்பவர்களுக்கே உயிர்ப்பயம் வந்துவிட்டது. ஸ்டெஃபானஸ் என்ற ஊழியன் இடது கையில் அடிபட்டதாகச் சொல்லிப் பல நாள் கம்பளித் துணியால் கட்டுப் போட்டுக்கொண்டு திரிந்தான். 96 செப்டம்பர் 18 அன்று, சதி ஒன்றைப் பற்றித் தகவல் கொண்டுவந்திருப்பதாக உள்ளே போய் ஒரு தாளைக் கொடுத்தான், அரசன் அதைப் படித்துக்கொண்டிருந்தபோது அந்தக் கட்டுக்குள் ஒளித்திருந்த கத்தியை எடுத்துத் தொடையிடுக்கில் குத்தினான். அப்புறம் மற்றவர்களும் பாய்ந்தார்கள். மொத்தம் ஏழு காயங்கள், வயது 44.

செய்தி கேட்ட செனட் உறுப்பினர்கள் மன்றத்துக்கு ஓடிவந்து, ஏணிகளைக் கொண்டுவரச் சொல்லி, உயரத்தில் இருந்த அவன் உருவங்களைத் தங்கள் கண்முன்னே இறக்கித் தரையில் மோதி உடைக்க வைத்தார்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதுகிறார். அவன் பெயர் பொறித்த எழுத்துகளை எங்கும் சுரண்ட வேண்டும், அவன் நினைவையே ஒழிக்க வேண்டும் என்று தீர்மானமும் போட்டார்கள். மாதங்களுக்கும் பழைய பெயர் திரும்பியது.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘டம்னும்’ என்றால் லத்தீனில் இழப்பு, சேதம். அதிலிருந்து ‘டம்னாரே’, ஒருவரைக் குற்றவாளி என்று தீர்த்துத் தண்டனை விதிப்பது. ஆங்கிலத்தின் ‘டேமேஜ்’, ‘கண்டெம்’ இரண்டும் இதே வேரில் வந்தவை. ‘மெமோரியே’ என்பது நினைவின், நினைவுக்கு. ஆக நேர்ப்பொருள் நினைவுக்கு விதிக்கும் தண்டனை. அழிப்பு என்ற பொருள் தொடரில் இல்லை. இந்த இரு சொல் தொடரை ரோமானியர்கள் சட்டப் பெயராக வைத்திருக்கவும் இல்லை, 1689-இல் லைப்சிக்கில் வந்த ஓர் ஆய்வேட்டின் தலைப்பிலிருந்துதான் அது பரவியது. ‘தண்டிக்கப்பட்ட நினைவு’ என்ற பேச்சு மட்டும் ரோமானியச் சட்ட நூல்களிலேயே உண்டு.

செனட் ஒழிக்கத்தான் நினைத்தது, ஆனால் கல்லைப் பாருங்கள். நேப்பிள்ஸ் பக்கத்தில் இருந்த புடியோலி நகரம் டொமிஷியனைப் போற்றிப் பொறித்த ஒரு பளிங்குப் பலகை இன்று ஃபிலடெல்ஃபியாவில் பென் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவன் வீழ்ந்ததும் உளியை வைத்து வரி வரியாகக் கொத்தியிருக்கிறார்கள், பின்னால் மறுபக்கத்தில் படைவீரர்களைச் செதுக்கிக் கல்லை மறுபடி பயன்படுத்தியும் இருக்கிறார்கள், ஆனாலும் கொத்திய தடத்துக்குள்ளேயே பழைய எழுத்துகளைப் படித்துவிட முடிகிறது. வத்திக்கானில் உள்ள கான்செல்லேரியா புடைப்புச் சிற்பத்தில் டொமிஷியனின் முகத்தை, அவனுக்குப் பின் பேரரசரான நெர்வாவின் முகமாகச் செதுக்கி மாற்றினார்கள். இருந்த தலையைக் குறைத்துத்தானே செதுக்க முடியும், அதனால் உடம்புக்குத் தலை சிறுத்துப்போய் நிற்கிறது. ஒருவன் தண்டிக்கப்பட்டான் என்பதை வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் காட்டும் வடு இது. இதைப் போய் அழிப்பு என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்று, தண்டனையை ரத்து செய்யலாம். 192 கடைசி நாளில் கொல்லப்பட்ட பேரரசன் கொம்மோடஸையும் செனட் இப்படித்தான் தண்டித்தது. பின்னால் பேரரசரான செப்டிமியஸ் செவெரஸ் வந்து 197-இல் அவனைத் தெய்வமாகவே அறிவிக்க வைத்தார். அழிந்ததை அப்படித் திருப்பிக் கொண்டுவர முடியாது.

அதனால் என் தேர்வு ‘நினைவொறுப்பு’. ஒறுத்தல் என்றால் தண்டித்தல். கொலையிற் கொடியாரை ‘வேந்தொறுத்தல்’ என்று குறளில் (550) வருவது இந்தச் சொல்தான், அதுவும் ஆள்பவர் முறைப்படி கொடுக்கும் தண்டனை என்ற பொருளில். ‘நினைவுக் கண்டனம்’ என்று சிலர் எழுதலாம், ஆனால் கண்டனம் இன்று கூட்டத்திலும் அறிக்கையிலும் தெரிவிக்கும் எதிர்ப்பாகச் சுருங்கிவிட்டது. ‘நினைவுத் தண்டனை’ எளிது, பிழையும் இல்லை, நினைவே நமக்குத் தண்டனையாக வருகிறது என்று படித்துவிடும் ஆபத்து மட்டும் உண்டு.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தாலும் இடிக்கவில்லை: செனட் டொமிஷியனுக்கு நினைவொறுப்பு விதித்தது; செவெரஸ் கொம்மோடஸின் நினைவொறுப்பை நீக்கினார்.