பல்பு மங்கும், கம்ப்யூட்டர் அசையாது

ஆடிக் காற்று தொடங்கிவிட்டால் கோத்தகிரியில் ஏதாவது ஒரு கற்பூர மரக்கிளை கரண்ட் லைனில் உரசிக்கொண்டே இருக்கும். வீட்டுக் குண்டு பல்பு சட்டென மங்கி, மறுபடி பிரகாசமாகும். பக்கத்தில் ஓடும் மேசைக் கம்ப்யூட்டரோ கண்டுகொள்ளாது. யுபிஎஸ்கூட இல்லை. எப்படி?

நீலகிரியின் பைக்காராவில் 1930களிலிருந்தே மின்சாரம் எடுக்கிறார்கள். 900 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து குழாயில் இறங்கும் தண்ணீர் பெல்டன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. கூடவே சுழலும் காந்தத்தின் வட, தென் முனைகள் கம்பிச் சுருளை மாறி மாறிக் கடப்பதால் மின்னோட்டமும் முன்னே போய்ப் பின்னே வந்து ஆடுகிறது, நொடிக்கு 50 முறை. அப்படியானால் மின்னழுத்தம் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடும்.

கம்ப்யூட்டர் சிப்புக்கு இந்த ஆட்டம் ஆகாது. அதற்கு ஒரே திசையில், ஆடாமல், ஏறக்குறைய ஒரு வோல்ட் போதும். இடையில் நின்று சமாளிப்பது, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எஸ்எம்பிஎஸ் என்கிற தகரப் பெட்டி.

அதற்குள் முதலில் நான்கு டையோடுகள். இரு திசை ஓட்டத்தையும் ஒரு பக்கமாகத் திருப்புவது அவற்றின் வேலை. அப்புறம், கட்டைவிரலைவிடப் பருமனான ஒரு கெப்பாசிட்டர். 230 வோல்ட் என்பது ஒரு வகைச் சராசரிதான். அலையின் உச்சி 325 வோல்ட். அந்த உச்சிவரை இது நிரம்பிக்கொள்ளும், அலை இறங்கும்போது தன்னிடமிருப்பதைக் கொடுக்கும். நம் வீட்டு மாடித் தொட்டி மாதிரி. (பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் மின்சாரம் உள்ளே தேங்கியிருக்கும். திறந்து பார்க்கும் ஆசை வேண்டாம்.)

இனி வருவதுதான் எனக்குப் பிடித்த இடம். கஷ்டப்பட்டு நேராக்கிய மின்சாரத்தை டிரான்சிஸ்டர் என்கிற மின்னணு சுவிட்ச் நொடிக்குப் பல்லாயிரம் தடவை திரும்பவும் வெட்டுகிறது! அத்தனை வேகத்தில் ஆடும் மின்சாரத்தின் வோல்டேஜைக் குறைக்கத் தீப்பெட்டி அளவு டிரான்ஸ்ஃபார்மரே போதும். 50 ஆட்டத்துக்கென்றால் கிலோக் கணக்கில் இரும்பு வேண்டும். அதிலிருந்து வெளியே வருவதை எஸ்எம்பிஎஸ் 12, 5, 3.3 வோல்ட்டாக நேராக்கி மதர்போர்டுக்கு அனுப்புகிறது. அங்கே இன்னொரு சுற்று அதை ஒரு வோல்ட்டுக்கு இறக்குகிறது.

லைனில் வோல்டேஜ் குறைந்தால் டிரான்சிஸ்டர் ஒவ்வொரு தடவையும் சற்று அதிக நேரம் மின்சாரத்தை உள்ளே விடும். பல்பு கிடைத்ததை வைத்து எரிகிறது. எஸ்எம்பிஎஸ் கூடுதல் ஆம்பியர் இழுத்துத் தன் பங்கைச் சரிக்கட்டிவிடுகிறது.

கிளை முறிந்து கம்பியே அறுந்தால் கதை வேறு. கெப்பாசிட்டரின் கையிருப்பு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு தாங்கினாலே பெரிது. அப்புறம் லைன்மேன் வரும்வரை மெழுகுவத்திதான்.