கதவுச் சத்தத்துக்குத் திரும்புகிற குழந்தைக்குப் பேச்சு கேட்கிறதா?

"கதவைத் தட்டினா திரும்பிப் பார்க்கிறான், டிவி போட்டா ஓடி வர்றான். காது நல்லாத்தான் கேட்குது, பேச்சுதான் வரலை." செவித்திறன் பரிசோதனைக்கு வரும் பெற்றோரில் பலர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. கதவுச் சத்தம் தாழ்ந்த சுருதியில் பலமாக வருவது. ஸ, ஷ, ஃப போன்ற ஒலிகள் உயர்ந்த சுருதியில் மெலிதாக வருபவை. முதல் வகை கேட்டு, இரண்டாவது வகை கேட்காமல் போகும் குறைபாடு மிகச் சாதாரணம். யாரோ பேசுகிறார்கள் என்று அந்தக் குழந்தைக்குத் தெரியும். என்ன பேசுகிறார்கள் என்பதுதான் பிடிபடாது.

தமிழில் கூடுதலாக ஒரு சங்கடம் உண்டு. யார், எங்கே, எப்போது என்பதில் பாதியை நாம் சொல்லின் கடைசியில்தான் ஒட்டுகிறோம்: வந்தான், வந்தாள், வந்தார்; வீட்டில், வீட்டுக்கு. நம் குரல் இறங்குவதும் அங்கேதான். 'வந்தா' வரை கேட்டுவிட்டு மிச்சத்தை ஊகிக்கிற பிள்ளை ஆண், பெண்ணை மாற்றிச் சொன்னால் "கவனமே இல்லை" என்று திட்டிப் பயனில்லை.

பிறந்த 1 மாதத்துக்குள் முதல் சோதனை, 3 மாதத்துக்குள் குறைபாட்டை உறுதி செய்வது, 6 மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும். உலக அளவில் வைத்திருக்கும் இலக்கு இது. உள்காது ஒலிக்குப் பதில் தருகிறதா என்று பார்க்கும் ஓஏஇ (OAE), ஒலி நரம்பு வழியே மூளைத்தண்டுக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா (BERA) ஆகிய சோதனைகளைக் குழந்தை தூங்கும்போதே செய்துவிடலாம், வலி கிடையாது. அந்த வயது தாண்டிவிட்டால் இன்றைக்கே தொடங்குங்கள். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று காத்திருப்பதைத்தான் நான் ஏற்க மாட்டேன்.

காது மெஷின் மூக்குக் கண்ணாடி மாதிரி இல்லை, போட்டதும் எல்லாம் சரியாகிவிடாது. அது ஒலியைக் கொண்டுவந்து சேர்க்கும். அதை மொழியாகப் பிரித்தறிய மூளைக்குப் பழக்கம் வேண்டும். அதனால் விழித்திருக்கும் நேரம் முழுக்க மெஷின் காதில் இருக்க வேண்டும், பயிற்சி வகுப்புக்கு மட்டும் மாட்டினால் போதாது. குழந்தையின் காது வளர வளர, காதுக்குள் பொருத்தும் காது அச்சு லூசாகி மெஷின் 'கீச்' என்று கத்தும். சிலர் சத்தத்தைக் குறைத்து வைத்துச் சமாளிக்கிறார்கள். மாற்ற வேண்டியது அச்சை. தினமும் காலையில் பக்கவாட்டில் நின்று, வாய் தெரியாதபடி ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, குழந்தைக்குக் கேட்கிறதா என்று பாருங்கள். செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தருவதில் வல்லுநரான டேனியல் லிங் வகுத்த சோதனை இது. நேற்று கேட்ட ஒலி இன்று கேட்கவில்லை என்றால் முதலில் பேட்டரியைப் பாருங்கள், அப்புறம் எங்களிடம் வாருங்கள்.

கத்திப் பேசுவது உதவாது. கத்தும்போது உயிரொலிகள்தான் பெரிதாகும், மெல்லிய மெய்யொலிகள் அப்படியே நிற்கும், உதடும் கோணும். பக்கத்தில் போய்ப் பேசுங்கள். திறந்த வெளியில் 2 மீட்டரில் நிற்பவர் 1 மீட்டருக்கு வந்தால் ஒலி 6 டெசிபல் கூடுகிறது, தொண்டையும் பிழைக்கிறது!

மற்ற பிள்ளைகள் பெரியவர்கள் தங்களுக்குள் பேசுவதை ஒட்டுக்கேட்டே ஏராளமான சொற்களைப் பொறுக்கிக்கொள்கிறார்கள். இந்தப் பிள்ளைக்கு அந்த வழி ஏறக்குறைய அடைபட்டிருக்கிறது. பாட்டி ஏன் கோபமாக இருக்கிறார், அண்ணன் எதற்குச் சிரித்தான் என்பதை யாராவது சொன்னால்தான் உண்டு. அதைச் சொல்லுங்கள். "இது என்ன, சொல்லு" என்று பொம்மையைக் காட்டி நாள் முழுக்கக் கேட்பதைவிட அது பல மடங்கு மேல். ஏதாவது கேட்டால் பதிலுக்கு மனசுக்குள் பத்து எண்ணும் அளவு பொறுங்கள். சைகை மொழி கற்றால் பேச்சு வராது என்ற பயமும் வேண்டாம். எந்த வழியிலாவது சிறு வயதிலேயே ஒரு மொழி முழுமையாக வந்து சேர வேண்டும்.

பள்ளியில் முன் வரிசை கொடுப்பார்கள், நல்லதுதான். ஆனால் ஆசிரியர் போர்டைப் பார்த்துக்கொண்டே பேசினால் முன் வரிசையிலும் முகம் தெரியாது. ஆசிரியர் அணியும் ரிமோட் மைக் கிடைத்தால் பெரிய உதவி. அது வகுப்பு இரைச்சலைத் தாண்டி அவர் குரலை நேராகக் காதுக்குக் கொண்டுபோகும். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வான் என்றும் விட்டுவிட முடியாது. படம், மடம் இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் அசைகிறது. "புரிஞ்சுதா?" என்றால் எல்லாப் பிள்ளையும் தலையாட்டும். "இப்ப என்ன செய்யச் சொன்னேன்?" என்று கேட்டால் உண்மை தெரியும். சொல்வதெழுதுதலில் தனிச் சொல்லாகச் சொல்லாமல், முகம் தெரிய நின்று ஒரு வாக்கியத்தில் வைத்துச் சொல்லுங்கள். இல்லையென்றால் அங்கே மதிப்பெண் போவது எழுத்துப் பிழைக்கல்ல, காதுக்கு.