‘கமிட்’ என்றால் ஒப்படைப்பா?

“உங்கள் மாற்றங்களை ஒப்படைத்துவிட்டு, பிறகு தள்ளுங்கள்.” திறமூலத் திட்டங்களுக்கு நிரல் பங்களிப்பது எப்படி என்று சொல்லும் தமிழ்க் குறிப்புகளில் இந்த மாதிரி வரி அலுக்க அலுக்க வருகிறது. நிரலில் செய்யும் மாற்றங்களை வரிசையாகச் சேமித்துவைக்கும் ‘கிட்’ என்ற கருவியின் ‘கமிட்’ கட்டளைதான் இங்கே ‘ஒப்படை’ ஆகியிருக்கிறது, ‘புஷ்’ கட்டளை ‘தள்ளு’ ஆகியிருக்கிறது. ஒப்படைத்தாயிற்று என்றால் அப்புறம் தள்ளுவதற்கு என்ன மிச்சம்? ஒப்படைத்தால் பொருள் கைமாறிவிட்டது என்று அர்த்தம். கிட்டில் கமிட் செய்தால் எதுவும் கைமாறுவதில்லை. மாற்றம் உங்கள் கணினியிலேயே, திட்டக் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் ‘.கிட்’ கோப்புறையில் போய் உட்காருகிறது. இணையத்தைத் துண்டித்துவிட்டுக்கூட நூறு கமிட் போடலாம்.

‘உறுதிமொழி’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. “3 உறுதிமொழிகள்” என்றால் யார் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தார்? ‘கமிட்மென்ட்’ என்ற சொல்லுக்கு அகராதி தரும் பொருளை எடுத்து ஒட்டியதன் விளைவு இது. “அடுத்த படத்தில் கமிட் ஆகியிருக்கிறார்” என்கிற சினிமாச் செய்திக்கு வேண்டுமானால் அது பொருந்தும்.

மூலம் லத்தீன். ‘கொம்’ என்றால் சேர்த்து, ‘மித்தெரெ’ என்றால் அனுப்பு. சேர்ந்து ‘கொமித்தெரெ’, நம்பி ஒருவரிடம் விடுதல். ஆங்கிலத்துக்கு வந்தபின் குற்றம் புரிதல், சிறைக்கு அனுப்புதல், வாக்கால் கட்டுப்படுதல், நினைவில் இருத்துதல் என்று பொருள் நாலாபக்கமும் கிளைத்தது. கடைசியாகச் சொன்னதைத் தமிழில் ‘மனத்தில் பதித்தல்’ என்போம். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

‘ஒப்படைப்பு’ அணியினர் இந்த வேர்ப்பொருளைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். அவர்களை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. ஒரு காலத்தில் அது சரியாகவே இருந்தது. 1986-இல் டிக் க்ரூன் வெளியிட்ட சி.வி.எஸ்., 2004-இல் முதல் முழுப் பதிப்பு கண்ட சப்வெர்ஷன் ஆகியவை கிட்டுக்கு முந்தைய கருவிகள். இரண்டிலும் களஞ்சியம், அதாவது கோப்புகளும் அவற்றின் மாற்ற வரலாறும் இருக்கும் சேமிப்பிடம், ஒன்றே ஒன்றுதான், அதுவும் வழங்கியில் (சர்வரில்) இருந்தது. சப்வெர்ஷனில் ‘எஸ்.வி.என். கமிட்’ என்று தட்டிய கணமே மாற்றம் அங்கே போய்ச் சேர்ந்து, அடுத்த திருத்த எண்ணைப் பெற்று, எல்லோர் கண்ணிலும் பட்டுவிடும். அப்படிச் செய்ய அனுமதி பெற்ற சிலரே ‘கமிட்டர்’. அனுமதி இல்லாதவர் வேறுபாட்டுக் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். அந்த அமைப்புக்கு ‘ஒப்படை’ பழுதில்லாத சொல்.

2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கருநிரலுக்காக கிட்டை எழுதியபோது அடித்தளமே மாறியது. ஒவ்வொருவர் கணினியிலும் முழுக் களஞ்சியம். கமிட் என்பது அந்த நேரத்துக் கோப்புகளின் நிலை, அதற்கு முந்தைய கமிட்டின் அடையாளம், எழுதியவர், பதிந்தவர், நேரம், ஒரு குறிப்பு ஆகிய எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி, உள்ளடக்கத்திலிருந்தே அடையாளத்தைக் கணக்கிடும் எஸ்.எச்.ஏ.-1 முறையில் 40 எழுத்து அடையாளம் கொடுத்து வைப்பது. வெளியே அனுப்புவது தனி வேலை, அதற்கு ‘புஷ்’. திட்டத்தாரிடம் “எடுத்துக்கொள்ளுங்கள்” என்று கேட்பது இன்னொரு தனி வேலை. அதற்கு ‘புல் ரிக்வெஸ்ட்’. ஒப்படைப்பு என்று எதையாவது சொல்லியே தீர வேண்டும் என்றால் அந்த மூன்றாம் படியைச் சொல்லலாம். முதற்படிக்கே அந்தச் சொல்லைச் செலவழித்துவிட்டால் மூன்றாவதற்கு எங்கே போவது? அங்கேதான் ‘இழுவைக் கோரிக்கை’ மாதிரியானவை பிறக்கின்றன.

குழப்பம் இன்னும் ஆழமானது. கிட் ஒவ்வொரு கமிட்டிலும் இரண்டு பெயர்களை வைத்திருக்கும்: ‘ஆதர்’, ‘கமிட்டர்’. ‘கிட் லாக்’ கட்டளையை ‘ஃபுல்லர்’ வடிவில் கேட்டால் இரண்டும் தனித்தனியே தெரியும். கருநிரல் திட்டத்தில் ஒருவர் ஒட்டை, அதாவது ‘பேட்ச்’ எனப்படும் மாற்றக் கோப்பை, எழுதி மின்னஞ்சலில் அனுப்புவார். பராமரிப்பவர் அதைச் சோதித்துத் தம் களஞ்சியத்தில் சேர்ப்பார். முன்னவர் ஆதர், பின்னவர் கமிட்டர். இப்போது கமிட்டரை ‘ஒப்படைத்தவர்’ என்று எழுதிப் பாருங்கள். ஒப்படைத்தவர் உண்மையில் முன்னவர் அல்லவா! சொல் பொருளைத் தலைகீழாக்கிவிடுகிறது.

புதிதாக வருகிறவர்தான் இதற்கு விலை கொடுக்கிறார். ‘ஒப்படைத்தேன்’ என்று நம்பி, புஷ் செய்யாமலே மறுமொழிக்குக் காத்திருக்கிறார். இல்லாவிட்டால், ஒப்படைத்ததைத் திரும்பப் பெற முடியாது என்று பயந்து ஒரு வார வேலையை ஒரே கமிட்டாகத் திணிக்கிறார். அதைச் சரிபார்ப்பவர் பாடு திண்டாட்டம். பிழை எந்தக் கமிட்டில் நுழைந்தது என்று பாதிபாதியாக வெட்டித் தேடும் ‘கிட் பைசெக்ட்’ ஆயிரம் கமிட்டில் பத்துச் சோதனைக்குள் குற்றவாளியைப் பிடித்துவிடும். பிடிபட்டது எண்ணூறு வரி மாற்றம் என்றால் பிடித்து என்ன பயன்? உண்மையில் புஷ் செய்வதற்கு முன்புவரை ‘அமெண்ட்’ கொடுத்துக் கடைசிக் கமிட்டைத் திருத்தலாம், ‘ரிபேஸ்’ கொடுத்து அடுக்கை மாற்றலாம். கைவிட்ட கமிட்டும் உடனே அழிவதில்லை, இயல்பு அமைப்பில் ‘ரிஃப்லாக்’ என்ற உள்குறிப்பேடு அதை 30 நாள் வைத்திருக்கும்.

சரி, எந்தச் சொல்? பதிவு. வினையாக வரும்போது ‘பதி’.

கிட்டின் கையேட்டில் கமிட் கட்டளைக்கு உள்ள ஒரு வரி விளக்கமே ‘மாற்றங்களைக் களஞ்சியத்தில் பதிவது’ என்றுதான் இருக்கிறது. டார்க்ஸ் என்ற இன்னொரு பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி இதே வேலைக்குக் கட்டளையின் பெயராகவே ‘ரெக்கார்டு’ என்று வைத்துக்கொண்டது. முன்பு சொன்ன ‘மனத்தில் பதித்தல்’ வேறு பக்கபலமாக நிற்கிறது. ஆதர், கமிட்டர் சிக்கலும் தானாகத் தீரும்: புகார் கொடுப்பவர் ஒருவர், வழக்குப் பதிபவர் வேறொருவர் என்பதில் தமிழருக்குக் குழப்பம் வந்ததே இல்லை. எழுதியவர், பதிந்தவர். அவ்வளவுதான்.

‘பதிவு ஏற்கெனவே வலைப்பதிவு, பத்திரப் பதிவு என்று ஆயிரத்துக்கு ஓடுகிறதே’ என்பார்கள். ஓடட்டும். களஞ்சியத்துக்குள் நிற்கும்போது யாரும் பத்திரத்தை நினைக்கப் போவதில்லை. ஐயம் வரும் இடத்தில் ‘மாற்றப்பதிவு’ என்று ஒருமுறை எழுதிவிட்டு அப்புறம் ‘பதிவு’ போதும். ‘பதிகை’ அழகான சொல்தான், ஆனால் தமிழ் விக்கிப்பீடியா அதை ‘லாக்’ என்ற நிகழ்வுக் குறிப்பேட்டுக்கு எடுத்துக்கொண்டாயிற்று. கிட்டிலும் லாக் உண்டு என்பதால் இரண்டும் மோதும். பேச்சில் ‘கமிட் பண்ணு’ என்பதை யாரும் விடப்போவதில்லை, விடவும் வேண்டாம்.

தரவுத்தளத்தில் வரும் கமிட் வேறு. அங்கே பரிவர்த்தனை முடிந்து நிலைபெறுகிறது. அதன்பின் மாற்றத்தைப் பின்வாங்கும் ‘ரோல்பேக்’ கிடையாது. அதற்கு ‘நிலைப்படுத்து’ பொருந்தும். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல் என்ற விரதம் யார் விதித்ததோ தெரியவில்லை. மென்பொருள் மொழிபெயர்ப்பில், சொற்பட்டியலில் தேடு, முதலில் வருவதை ஒட்டு, அடுத்த சரத்துக்கு (மொழிபெயர்க்க வேண்டிய அடுத்த தொடருக்கு) போ என்று வேலை நடக்கிறது. மொழிபெயர்ப்புக் கோப்பில் சூழலைச் சொல்லும் வரி இருந்தாலும் படிப்பதில்லை. அதனால் பொத்தானில் ‘பதி’ என்று வினை வர வேண்டிய இடத்தில் பெயர்ச்சொல் வந்து நிற்கிறது. பெயர் வந்து விழும் இடத்துக்குப் பின்னால் ‘ஆல்’ என்று ஒட்டிவைக்க, திரையில் ‘குமார்ஆல் ஒப்படைக்கப்பட்டது’ என்று தெரிகிறது. செயப்பாட்டு வினையை விட்டுவிட்டு ‘பதிந்தவர்:’ என்று போட்டு அதன்பின் பெயரை வரவிட்டால் எந்தப் பெயருக்கும் புணர்ச்சித் தொல்லை இருக்காது.